ஸ்விம் டீம்ல கேப்டன் ஆகலைன்னா காலேஜ் அட்மிஷனுக்கு பிரயோஜனமே இல்லையா?

கயல்_டாலஸ்

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப தான் எழுதறேன். பொண்ணு 10வது படிக்கிறா, டாலஸ் பக்கத்துல பப்ளிக் ஸ்கூல். போன வருஷம் ஜேவி (ஸ்கூலோட ரெண்டாவது டீம்), இந்த வருஷம் வார்சிட்டி (மெயின் டீம்) ஸ்விம் டீம்ல எடுத்துட்டாங்க. 100 பிரெஸ்ட்ஸ்ட்ரோக் தான் மெயின், 1:12 பக்கம் வர்றா. காலைல அஞ்சேகாலுக்கு நேட்டடோரியம் (உள்ளரங்க நீச்சல் குளம்) வாசல்ல விடணும், டிசம்பர் ஜனவரில ஈரத் தலையோட கார்ல ஏறி ஹீட்டர் முன்னாடி முடிய காய வச்சிக்கிட்டே டப்பால இருக்கற இட்லிய முழுங்கிட்டு கிளாஸுக்கு ஓடுவா. எனக்கே பாவமா இருக்கும், ஆனா அவ ஒரு நாள் கூட வேண்டாம்னு சொன்னதில்ல.

இப்ப பிரச்சனை என்னன்னா, ஒரு காலேஜ் கன்சல்டன்ட்ட பேசினோம் (பேரு வேண்டாம், ஃபீஸ் கேட்டா தலை சுத்தும்). அவர் சொல்றாரு வார்சிட்டி எல்லாரும் போடறாங்க, கேப்டன் ஆனா மட்டும் தான் கணக்கு, இல்லன்னா 11வது ஆரம்பத்துலயே விட்டுட்டு ரிசர்ச், இல்ல சொந்தமா ஒரு நான்-பிராஃபிட் ஆரம்பிங்கன்னு. என் வீட்டுக்காரரும் அதையே பிடிச்சிக்கிட்டாரு. பொண்ணு அதிகம் பேசாத டைப், கேப்டன் டீம் ஓட்டு போட்டு எடுக்கறது, இவளுக்கு விழும்னு தோணல.

கேப்டன் இல்லாம நாலு வருஷம் நீந்தினா அட்மிஷன்ல யாராவது மதிப்பாங்களா? ஸ்காலர்ஷிப் கிடைக்க வாய்ப்பு உண்டா? யூடி ஆஸ்டின் (டெக்சாஸ் யுனிவர்சிட்டி) தான் எங்களுக்கு முதல் ஆசை, ஸ்விம்மிங்கால ஸ்கூல் ரேங்க் அடி வாங்குமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சும்மா_ரிச்மண்ட்

1:12 நல்ல டைமா மேடம்? எனக்கு நீச்சல்னா கிணத்துல குதிச்சது மட்டும் தான் தெரியும். இழைய ஃபாலோ பண்ணிக்கறேன், என் பையனும் 8வது வந்துட்டான்.

எடிசன்_மாமா

உள்ளத உள்ளபடி சொல்றேன்மா, கோச்சுக்காதே. நம்ம ஆளுங்க நிறைய பேரு மனசுல இன்னும் நம்ம ஊரு ஸ்போர்ட்ஸ் கோட்டா தான் ஓடுது. டிஸ்ட்ரிக்ட் லெவல் சர்டிபிகேட், ஸ்டேட் லெவல் சர்டிபிகேட், அத காட்டினா இன்ஜினியரிங்ல தனி லிஸ்ட்ல சீட்டு. இங்க அப்படி சர்டிபிகேட்டுக்கு மார்க் போடற வேலையே கிடையாது. ஜெயிச்ச மெடல ஸ்கேன் பண்ணி அனுப்பவும் இடம் இல்ல. வாரத்துக்கு பதினஞ்சு இருபது மணி நேரம் தண்ணிலயே போயிடுது, அந்த நேரத்துல கணக்கு காம்படிஷன், கோடிங்னு போயிருந்தா எங்கயோ இருக்கலாம். என் பெரியவன் எந்த ஸ்போர்ட்ஸும் இல்லாம தான் நல்ல காலேஜ் போனான். கன்சல்டன்ட் சொன்னது சரின்னு தான் எனக்கு படுது.

ஓட்டக்காரன்_பாஸ்டன்

கயல் மேடம், இங்க ரெண்டு வேற வேற விஷயத்த ஒண்ணாப் போட்டு குழப்பிக்கறாங்க, உங்க கன்சல்டன்ட்டும் சேத்து தான். ஒண்ணு ரெக்ரூட் ஆகற பசங்க, அதாவது காலேஜ் கோச்சே எனக்கு இந்தப் பொண்ணு டீமுக்கு வேணும்னு அட்மிஷன் ஆபீஸ்ல பேரு குடுக்கறது. இன்னொண்ணு ஹைஸ்கூல்ல விளையாடிட்டு அத அப்ளிகேஷன்ல ஒரு ஆக்டிவிட்டியா எழுதறது. முதல் வகைல நீ கேப்டனான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, டைம் என்ன, ஜிபிஏ (மார்க் சராசரி) என்ன, முடிஞ்சுது. ரெண்டாவது வகைல டைம் என்னன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

முதல் வகை எவ்ளோ சின்ன கூட்டம்னு பாருங்க. 2023-24ல அமெரிக்கா முழுக்க ஹைஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல இருந்த எண்ணிக்கை 80 லட்சத்த தாண்டிச்சு. என்சிஏஏல (காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்தற அமைப்பு) டி1, டி2, டி3ன்னு மூணு டிவிஷனும் சேத்து அஞ்சு லட்சத்துக்கு கொஞ்சம் மேல, அதுவும் நாலு வருஷத்து பசங்களும் சேத்து. உசந்த டிவிஷனான டி1க்கு போறது நூத்துக்கு ரெண்டு மூணு பேரு தான்.

என் பையன் ரெக்ரூட் ஆன கதைய சொல்றேன், கேப்டன் விஷயம் அதுலயே புரியும். அவன் கிராஸ் கன்ட்ரி, ட்ராக்ல 3200 மீட்டர். டி1 போற டைம் கிடையாது, அது அவனுக்கே தெரியும். 10வது முடியறப்போ டி3 கோச்சுங்களுக்கு அவனே மெயில் போட ஆரம்பிச்சான், டைம், ட்ரான்ஸ்கிரிப்ட், இந்த சீசன்ல எவ்ளோ குறைச்சான், அவ்ளோ தான் மெயில். நான் கரெக்ட் பண்ணித் தரேன்னு போனேன், அப்பா கை வச்ச மெயில்னு கோச்சுக்கு உடனே தெரிஞ்சிடும்னு துரத்தி விட்டான். பாதி பேரு பதிலே போடல. 11வது முடிஞ்ச ஜூலைல ரெண்டு கோச் ட்ரான்ஸ்கிரிப்ட், டெஸ்ட் ஸ்கோர், 12வதுல எடுக்கப் போற பாடம் எல்லாம் வாங்கி அட்மிஷன் ஆபீஸுக்கு அனுப்பினாங்க, ப்ரீ-ரீட்னு சொல்வாங்க. ஒரு எடத்துல கஷ்டம்னு வந்திடுச்சு. இன்னொரு எடத்துல ஓகே, எர்லி டிசிஷன் (கிடைச்சா இங்கயே சேருவேன்னு முன்கூட்டியே போடற அப்ளிகேஷன்) போட்டா நான் சப்போர்ட் பண்றேன்னு கோச் சொன்னாரு. எல்லாம் வாய் வார்த்தை தான், டிசம்பர் நடுவுல ரிசல்ட் வர்ற வரைக்கும் வீட்ல ஒருத்தருக்கும் தூக்கம் கிடையாது. கிடைச்சுது. நாலு வருஷத்துல ஒரு தடவ கூட அவன் ஸ்கூல் டீம் கேப்டன் இல்ல.

உங்க பொண்ணுக்கு இது ஒத்து வருமான்னு பாக்க யாருக்கும் ஃபீஸ் குடுக்க வேண்டாம். ஸ்விம்கிளவுட்ல (நீச்சல் டைம் எல்லாம் இருக்கற வெப்சைட்) போயி, உங்களுக்குப் பிடிச்ச காலேஜ் எந்த கான்ஃபரன்ஸ்ல (தங்களுக்குள்ள போட்டி போடற காலேஜ் கூட்டம்) இருக்குன்னு பாத்து, போன வருஷ கான்ஃபரன்ஸ் மீட்ல 100 பிரெஸ்ட்ல 16வது இடம் என்ன டைம்னு பாருங்க. அதுக்கு ரெண்டு மூணு செகண்ட் பக்கத்துல இருந்தா கோச்சோட பேசலாம். 1:12ல டி1 நினைக்க வேண்டாம். டி3ல கென்யான் மாதிரி டீம்லாம் வேற லெவல், அங்க ஆண்கள் டீம் 1980ல இருந்து 2010 வரைக்கும் தொடர்ந்து 31 வருஷம் நேஷனல் டைட்டில் அடிச்ச காலேஜ் அது, எமரியும் அதே ரகம். ஆனா டி3ல நானூத்துக்கு மேல காலேஜ் இருக்கு, எல்லாம் கென்யான் இல்ல. 10வது தான படிக்கிறா, இன்னும் ரெண்டு சீசன் இருக்கு.

எடிசன்_மாமா

டி3ல ஸ்காலர்ஷிப்பே கிடையாதேப்பா. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?

ஓட்டக்காரன்_பாஸ்டன்

மாமா, அத்லெட்டிக் ஸ்காலர்ஷிப் கிடையாது, வாஸ்தவம். ஐவி லீக்லயும் கிடையாது, 1954லயே எழுதி வச்சிட்டாங்க. நாங்க போனது காசுக்கு இல்ல, உள்ள நுழையறதுக்கு. டி1லயும் நீச்சல் மாதிரி ஸ்போர்ட்ல முழு ஸ்காலர்ஷிப் எப்பவுமே அபூர்வம், ஒரு ஸ்காலர்ஷிப்ப பல பேருக்கு பிச்சுப் பிச்சு குடுப்பாங்க. ஜூன் 2025ல கோர்ட் செட்டில்மென்ட் வந்தப்புறம் டி1 காலேஜுங்க பசங்களுக்கு நேரா காசு குடுக்கலாம்னு ஆயிடுச்சு, கூடவே ஒரு டீம்ல இத்தன பேரு தான்னு உச்சவரம்பும் வந்துடுச்சு. அதனால வாக்-ஆனா (ரெக்ரூட் ஆகாம தானா டீம்ல சேர்றது) உள்ள போறது முன்ன விட கஷ்டம். கயல் மேடம், ஸ்காலர்ஷிப் கணக்க மறந்துடுங்க, மெரிட் எய்ட் (மார்க்க பாத்து குடுக்கறது) வேற, நீட் எய்ட் (வருமானத்த பாத்து குடுக்கறது) வேற, அதுல போடுங்க கவனத்த.

முருகு_ஃப்ரீமாண்ட்

அட்மிஷன்ல இனம் பாக்கறாங்கன்னு ஹார்வர்ட் மேல கேஸ் போட்டாங்களே, 2018ல விசாரணை நடந்து 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சே, அதுல வெளிய வந்த பேப்பர படிச்சவங்களுக்கு இந்த விஷயத்துல சந்தேகமே வராது. அங்க ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் அகாடமிக், எக்ஸ்ட்ராகரிகுலர், அத்லெட்டிக், பர்சனல்னு தனித்தனியா 1ல இருந்து 6 வரைக்கும் நம்பர் போடுவாங்க, 1 தான் உசத்தி. அத்லெட்டிக்ல 1ன்னா ஹார்வர்ட் கோச்சே கேக்கற ஆளு. 2ன்னா ஸ்கூல்ல நல்லா பங்களிச்சிருக்கு, லீடர்ஷிப்பும் இருக்கலாம். 3ன்னா சும்மா கலந்துக்கிட்டது. 4 ஆர்வம் இல்ல. 5 தான் எனக்குப் பிடிச்சது, வீட்டுப் பொறுப்பு, பார்ட் டைம் வேலைன்னு வேற எதுலயோ நேரம் போன பசங்க, அவங்கள குறைச்சு மதிப்பிடக் கூடாதுன்னு தனியா வச்சிருக்காங்க. 6 உடம்பு நிலைமையால முடியாதவங்க.

இதுல 1 வாங்கினவங்கள்ல நூத்துக்கு 86 பேருக்கு அட்மிஷன். ஒரு சதவீதம் தான் வாய்ப்புன்னு இருக்கற பையன் ரெக்ரூட் ஆயிட்டா அது 98 சதவீதம் ஆகும்னு கேஸ் போட்டவங்க தரப்பு பொருளாதார நிபுணர் கணக்கு காட்டினாரு. 1க்கும் 2க்கும் நடுவுல அவ்ளோ பெரிய பள்ளம். கேப்டனானா 2, ஆகலைன்னா 3, இதுக்காக ஒரு குழந்தைய போட்டு வாட்டணுமான்னு யோசிங்க. அதுவும் 2ல "லீடர்ஷிப் இருக்கலாம்"னு தான் இருக்கு, இருந்தே ஆகணும்னு இல்ல.

அந்த ரெக்ரூட்மென்ட்லயும் யாரு பலன் அடையறாங்கன்னா வேற கதை. அதே ஹார்வர்ட் டேட்டால அட்மிஷன் ஆன வெள்ளைக்காரப் பசங்கள்ல 43 சதவீதத்துக்கு மேல ரெக்ரூட் அத்லெட், பழைய மாணவர் பிள்ளை, ஃபேகல்டி பிள்ளை, டீன் லிஸ்ட் (டீன் தனியா கவனிக்கச் சொன்ன பேரு) இதுல ஏதோ ஒண்ணு. ஆசிய பசங்கள்ல அது 16க்கும் கீழ. 2023 ஜூலைல பொருளாதார நிபுணர் ராஜ் செட்டி குழு போட்ட ஆராய்ச்சிலயும் ஒரே எஸ்ஏடி மார்க் இருந்தும் நடுத்தர வீட்டுப் பசங்கள விட பெரும் பணக்கார வீட்டுப் பசங்க ஐவி மாதிரி காலேஜ்ல ரெண்டு மடங்குக்கு மேல சேர்றதுக்கு காரணம் மூணுன்னு சொல்லி, அதுல ஒண்ணு அத்லெட் ரெக்ரூட்மென்ட்னு போட்டிருந்தாங்க. ஃபென்சிங், ரோயிங், ஸ்குவாஷ்னு எந்த சாதாரண ஸ்கூல்ல வச்சிருக்கான் சொல்லுங்க.

சும்மா_ரிச்மண்ட்

அதனால தான் 2019ல, லஞ்சம் குடுத்து பிள்ளைங்கள காலேஜ்ல சேத்த அந்த கோஷ்டி மாட்டுச்சு. ஆன்லைன்ல வாட்டர் போலோ சாமான் வாங்கி பையனுக்கு மாட்டி விட்டு, போட்டோவ டிசைனர்ட்ட குடுத்து ஒட்டி வெட்டி வீரனாக்கினாங்களே. யேல், ஜார்ஜ்டவுன், ஸ்டான்ஃபோர்ட்னு கோச்சுங்களே சிக்கினாங்க. நம்ம பசங்க நெஜமாவே தண்ணில கெடந்தும் பிரயோஜனம் இல்லன்னு இங்க விவாதம் நடக்குது 😄

முருகு_ஃப்ரீமாண்ட்

அந்த கேஸ்ல கவனிக்க வேண்டியது, அவங்க ஏன் டெபேட் கேப்டன்னு பொய் சொல்லல? கோச் ஸ்லாட்ல தான் கதவு திறக்கும்னு தெரிஞ்சு தான அங்க போனாங்க.

டீச்சர்_வாசுகி

ஜார்ஜியால பப்ளிக் ஹைஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கறேன், வருஷா வருஷம் ரெகமெண்டேஷன் லெட்டர் எழுதறவ, அதனால கேப்டன் விஷயத்துல மட்டும் என் ரெண்டணா.

எங்க ஸ்கூல்ல ஒரே டீம்ல நாலு கேப்டன் இருந்த வருஷம் உண்டு. சீனியர் எல்லாருக்கும் ஒரு பட்டம் குடுத்து அனுப்பிடுவாங்க. சில டீம்ல ஓட்டு, சில டீம்ல கோச் கை காட்டறது, சில டீம்ல ஒவ்வொரு மேட்சுக்கும் மாத்தி மாத்தி. இது அட்மிஷன் ஆபீஸ்ல உக்காந்திருக்கறவங்களுக்கு தெரியாதா? நல்லாவே தெரியும். காமன் ஆப்ல (நிறைய காலேஜுக்கு பொதுவான அப்ளிகேஷன்) மொத்தம் பத்து ஆக்டிவிட்டி, பதவி எழுத 50 எழுத்து, விவரத்துக்கு 150 எழுத்து, வாரத்துக்கு எத்தன மணி, வருஷத்துக்கு எத்தன வாரம், எந்தெந்த கிரேடு, அவ்ளோ தான். அந்த 150 எழுத்துல "டீம் ஒர்க், டெடிகேஷன், லீடர்ஷிப் கத்துக்கிட்டேன்"னு எழுதற பசங்கள பாத்தா எனக்கு கத்தணும் போல இருக்கும். நாலு வருஷம், வாரத்துக்கு 16 மணின்னு பக்கத்து கட்டத்துலயே இருக்கே, டெடிகேஷன்னு தனியா எதுக்கு சொல்லணும்? அங்க "புதுசா வந்த 9வது பசங்களுக்கு ஃப்ளிப் டர்ன் சொல்லிக் குடுத்தேன், மீட் எண்ட்ரி ஷீட் தயார் பண்ணேன், பிரெஸ்ட் 1:19லேர்ந்து 1:09"னு எழுதினா படிக்கறவங்களுக்கு ஒரு ஆளு கண்ணுக்குத் தெரியும்.

என்கிட்ட ஒரு பொண்ணு படிச்சா, ஸ்விம் டீம், கேப்டன் இல்ல, வேகமும் சுமார் தான். 500 ஃப்ரீஸ்டைல்ல நீந்தறவங்களுக்கு எத்தனாவது லெங்த்னு கணக்கு போயிடும், அதனால குளத்து ஓரத்துல ஒருத்தர் முட்டி போட்டு நம்பர் பலகைய தண்ணிக்குள்ள இறக்கி ஆட்டிக் காட்டணும், ஒண்ணு, மூணு, அஞ்சுன்னு ஒத்தப்படையா போகும், கடைசிக்கு ஆரஞ்சு பலகை. அந்த வேலைக்கு யாரும் ஆசையா வர மாட்டாங்க, முழங்கால் நனையும், மூஞ்சில தண்ணி அடிக்கும். அவ எல்லா மீட்லயும் எல்லாருக்கும் அத செஞ்சா, பலகைய ஆட்டற வேகத்துலயே நீ பின்தங்கற வேகமா போன்னு சொல்லிடுவாளாம், அவங்க கோச் என்கிட்ட சொன்னாரு. நான் லெட்டர்ல அத தான் எழுதினேன், லேப்ல பார்ட்னர் சொதப்பினப்போ அவ எப்படி நடந்துக்கிட்டாங்கறதோட சேத்து. அதனால தான் அட்மிஷன் கிடைச்சுதுன்னு சொல்ல மாட்டேன், யாராலயும் சொல்ல முடியாது. ஆனா "ஷி வாஸ் கேப்டன்"னு எழுதறத விட எனக்கு எழுத விஷயம் இருந்துச்சு.

அதிகம் பேசாத பொண்ணுன்னு சொல்றீங்க. அத ஒரு குறையா நினைக்காதீங்க கயல், நம்ம வீடுங்கள்ல தான் லீடர்ஷிப்னா மைக் பிடிக்கறதுன்னு ஒரு நினைப்பு.

கயல்_டாலஸ்

டீச்சர் இத அப்படியே ப்ரிண்ட் எடுத்து வீட்டுக்காரர்ட்ட குடுத்தேன். அவரு உடனே "அப்போ நான்-பிராஃபிட் வேண்டாமா"ங்கறாரு. 😐

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துட்டேன், நாங்க இன்னும் எச்1ல (வேலை விசா) தான் இருக்கோம், பொண்ணு எச்4 (குடும்பத்துக்கான விசா). அவ ஃப்ரெண்ட்ஸ்லாம் 15 வயசு ஆனதும் லைஃப்கார்ட் ட்ரெய்னிங் முடிச்சு சம்மர்ல வேலைக்குப் போறாங்க, இவளால முடியல. அது அப்ளிகேஷன்ல குறையா தெரியுமோன்னு ஒரு கவலை.

ஓட்டக்காரன்_பாஸ்டன்

எச்4ல இருக்கற பசங்க சம்பளத்துக்கு போகவே கூடாது. மத்தவங்களுக்கு சம்பளம் குடுக்கற அதே வேலைய இலவசமா செய்யறதும் சிக்கல், வாலன்டியர்னு பேரு வச்சா சரியாயிடும்னு நினைக்காதீங்க, சந்தேகம்னா லாயர்ட்ட கேளுங்க. லைஃப்கார்ட் சர்டிபிகேஷன் மட்டும் எடுத்து வச்சிக்கலாம், அதுல தப்பில்ல. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் மாதிரி எப்பவுமே தன்னார்வலர்கள வச்சே நடக்கற எடத்துல நீச்சல் பக்கம் உதவி கேப்பாங்க, அங்க போகட்டும். வேல பாக்க முடியாத காரணத்த அடிஷனல் இன்ஃபர்மேஷன்ல ஒரே வரில எழுதிடலாம், புலம்பல் வேண்டாம்.

டீச்சர்_வாசுகி

நான்-பிராஃபிட் பத்தி உங்க வீட்டுக்காரர்ட்ட இத சொல்லுங்க. 16 வயசுல ஆரம்பிச்சு 18 வயசுல மூடின நான்-பிராஃபிட் எவ்ளோன்னு எங்க கவுன்சிலர் ரூம்ல கேட்டா சிரிப்பாங்க. வெப்சைட் இருக்கும், லோகோ இருக்கும், அப்பாவோட ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரு டொனேஷன் குடுத்திருப்பாங்க. பொண்ணுக்கு உண்மையிலயே ஏதாவது பண்ணணும்னு இருந்தா பண்ணட்டும், ஸ்விம்ம விட்டுட்டு அத பிடிக்கறது எதுக்கு.

எடிசன்_மாமா

டீச்சர் சொல்றது கேக்க நல்லா தான் இருக்கு, ஆனா நெஜ வாழ்க்கைல சிஎஸ் சீட்டுக்கு நிக்கற பையன் வாரத்துக்கு 16 மணி நேரம் தண்ணில இருந்தா, பக்கத்து வீட்டுப் பையன் அதே 16 மணில ரிசர்ச் பேப்பர் போட்டுடறான். அப்போ யாருக்கு சீட்டு? எம்ஐடில என்ன கேப்டனா எடுக்கறாங்க?

முருகு_ஃப்ரீமாண்ட்

நல்ல எடத்த தான் சொன்னீங்க மாமா. எம்ஐடில 30க்கு மேல வார்சிட்டி டீம் இருக்கு, பெரும்பாலும் டி3. அங்க கோச் சிபாரிசு பண்ணலாம், ஆனா சீட் ஒதுக்கற வேலை இல்ல, அகாடமிக் தேறலைன்னா கோச் பேச்சு எடுபடாது. அவங்க அப்ளிகேஷன்ல நாலே நாலு ஆக்டிவிட்டி தான் கேக்கறாங்க, பத்து பதினஞ்சுன்னு சேத்து வச்சவனுக்கு அங்க எடமே இல்ல. கால்டெக்கும் டி3 தான், அவங்க பேஸ்கட்பால் டீம் கான்ஃபரன்ஸ்ல 310 மேட்ச் வரிசையா தோத்து 2011ல தான் ஒரு மேட்ச் ஜெயிச்சாங்க, அதுவும் ஒரே ஒரு பாயின்ட்ல. யாரும் அந்த டீம கலைக்கல பாருங்க.

பக்கத்து வீட்டுப் பையன் ரிசர்ச் பேப்பர் பத்தி, காசு கட்டினா பேப்பர் போட்டுத் தர்ற கம்பெனிங்க இப்ப நிறைய வந்துடுச்சு, அதுவும் அட்மிஷன் ஆபீஸுக்கு தெரிஞ்ச விஷயம். உங்க பையன் கணக்குல நெஜமாவே கெட்டியா இருந்து போனான்னா அது வேற, அத நான் மறுக்கல. சிஎஸ் மாதிரி மேஜருக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஒண்ணு கண்டிப்பா வேணும், நீச்சல் மட்டும் வச்சு சிஎஸ் கேட்டா கஷ்டம். கயல் மேடம், பொண்ணுக்கு என்ன மேஜர் ஆசைன்னு நீங்க சொல்லவே இல்லையே?

யூசி (கலிஃபோர்னியா யுனிவர்சிட்டி) போடறதா இருந்தா அங்க காமன் ஆப் கிடையாது, 20 ஆக்டிவிட்டி வரை போடலாம், ஒவ்வொண்ணுக்கும் 350 எழுத்து. எட்டு கேள்வில நாலுக்கு 350 வார்த்தைல பதில் எழுதணும், முதல் கேள்வியே லீடர்ஷிப். அதுலயே விளக்கமா போட்டிருக்காங்க, பதவி தான்னு இல்ல, சண்டைய தீத்து வச்சது, ஒரு குழுவுக்கு கை குடுத்தது, வீட்ல தங்கச்சி தம்பிய பாத்துக்கிட்டது கூட சொல்லலாம்னு. யூசில எஸ்ஏடியும் பாக்கறதில்ல, பொதுவா ரெகமெண்டேஷன் லெட்டரும் இல்ல, அதனால இந்த எழுத்துக்கு கனம் ஜாஸ்தி.

ஆஸ்டின்_செந்தில்

ரேங்க் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன். யூடில ஆட்டோமேட்டிக் அட்மிஷன் முன்னாடி டாப் 6 சதவீதம், 2026 ஃபால்ல சேர்றவங்கள்லேர்ந்து டாப் 5. 11வது முடியறப்போ இருக்கற ரேங்க் தான் கணக்கு. டெக்சாஸ் ஏ&எம்ல டாப் 10. இந்த ஆட்டோ லிஸ்ட்ல இருக்கற பசங்களுக்கு யுனிவர்சிட்டிக்குள்ள போறதுக்கு ஸ்போர்ட்ஸ், கேப்டன், நான்-பிராஃபிட் எதுவுமே வேண்டாம். ஆனா யூடிக்குள்ள எந்த மேஜர்ங்கறதுக்கு கேரண்டி கிடையாது, சிஎஸ், பிசினஸ், இன்ஜினியரிங் எல்லாத்துக்கும் எஸ்ஸே, ரெஸ்யூமே பாத்து தான் முடிவு, அங்க தான் நீச்சல் வேலைக்கு வரும்.

ரேங்க்ல அடி வாங்குமான்னா டிஸ்ட்ரிக்டுக்கு டிஸ்ட்ரிக்ட் வேற. சில எடத்துல அத்லெட்டிக்ஸ் பீரியட் ஜிபிஏலயே வராது, சில எடத்துல வெயிட் இல்லாத 4.0 ஆ சேந்துக்கும், ஏபி (காலேஜ் லெவல் பாடம்) எடுத்து 5, 6னு வச்சிருக்கறவங்களுக்கு ஆவரேஜ இழுத்து விட்டுடும். ஸ்கூல் வெப்சைட்ல கோர்ஸ் கைடுல ஜிபிஏ எக்ஸெம்ப்ட் லிஸ்ட்னு தேடுங்க, இல்லன்னா கவுன்சிலருக்கு ஒரு மெயில். கன்சல்டன்ட்ட குடுத்த காசுக்கு அவரு மொதல்ல இத கேட்டிருக்கணும்.

நிலா_சோஃபமோர்

ஹாய் அங்கிள் ஆன்ட்டி எல்லாருக்கும், தமிழ் தப்பா இருந்தா சாரி, எங்க அம்மா இந்த இழைய அனுப்பி நீ எழுதுன்னு சொன்னாங்க. நான் ஹைஸ்கூல்ல சாக்கர் கேப்டனா இருந்தேன், இப்ப காலேஜ் ரெண்டாவது வருஷம், காலேஜ்ல விளையாடல.

கேப்டன்னா என்ன பண்ணேன்னு நெஜமா சொல்லணும்னா, க்ரூப் சாட்ல பஸ் எத்தன மணிக்குன்னு நாலு தடவ போடறது, ஷின் கார்ட் மறந்தவங்களுக்கு எக்ஸ்ட்ரா எடுத்துட்டுப் போறது, கோச் ஒருத்திய பென்ச்ல உக்கார வச்சா அவ பாத்ரூம்ல அழறப்போ கூட நிக்கறது. மொதல்ல எஸ்ஸே கேப்டன் பத்தி தான் எழுதினேன், மோசமா இருந்துச்சு, எங்க இங்கிலீஷ் டீச்சர் இது எந்தப் பொண்ணு வேணா எழுதலாம்னு சொல்லிட்டாங்க. அப்புறம் நான் ரெஃப்ரி பண்ணத எழுதினேன். சாக்கர் ரெஃப்ரி லைசென்ஸ் 13 வயசுலயே எடுக்கலாம், நான் சின்னப் பசங்க மேட்சுக்கு போவேன். ஒரு தடவ ஒரு அப்பா லைன்ல நின்னு என்ன கத்து கத்துன்னு கத்தினாரு, எனக்கு கை நடுங்குச்சு, விசில ஊதி கேம நிறுத்திட்டு அவரோட டீம் கோச்ச கூப்பிட்டு அவர் பார்க்கிங் லாட் போற வரைக்கும் ஆரம்பிக்க மாட்டேன்னு சொன்னேன். அந்த டீம்ல இருந்த எட்டு வயசுப் பையன் "தேங்க் யூ ரெஃப்"ன்னான், அவரோட பையனே தான்னு அப்புறம் தெரிஞ்சுது. அத எழுதினது ஒரே நாள்ல முடிஞ்சுது.

11வதுல விடறது பத்தி மட்டும் சொல்றேன் ஆன்ட்டி. என் கூட இருந்த இந்தியப் பசங்க நிறைய பேரு 11வதுல எஸ்ஏடிக்காக விட்டாங்க. அந்த டைம்ல எல்லாரும் படிச்சாங்களான்னா இல்ல, ஃபோன் தான். எனக்கு சீசன்ல தான் கிரேட்ஸ் நல்லா இருக்கும், ஏன்னா டைம் இல்லன்னு தெரியும். ஆனா தூக்கம் போச்சு, அத மறைக்க மாட்டேன். காலைல அஞ்சேகாலுன்னா ராத்திரி எத்தன மணிக்கு படுக்கறாங்கன்னு பாத்துக்கோங்க. ஏபி ஒண்ண குறைச்சாலும் பரவால்ல.

எடிசன்_மாமா

நல்லா எழுதறம்மா தமிழ். ஏபி குறைக்கறதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன் 😀

கயல்_டாலஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மேஜர் கேட்டீங்கல்ல முருகு, அவளுக்கு பயோமெடிக்கல் இன்ஜினியரிங், இல்லன்னா கினீசியாலஜி (உடம்பு அசைவு பத்தின படிப்பு) மாதிரி ஏதோ சொல்றா, தோள்பட்டை வலிக்குன்னு ஃபிசியோ போனதுல வந்த ஆசை. செந்தில் சொன்ன மாதிரி கோர்ஸ் கைடு பாத்தேன், எங்க டிஸ்ட்ரிக்ட்ல அத்லெட்டிக்ஸ் ஜிபிஏல வரல, ஒரு பாரம் எறங்கிச்சு. ஓட்டக்காரன் சொன்னபடி ஸ்விம்கிளவுட்ல அவளே உக்காந்து பாத்து ஒரு லிஸ்ட் போட்டிருக்கா, நாலு காலேஜ், ரெண்டு எனக்கு பேரே தெரியாது. அப்பாவும் பொண்ணும் அத வச்சு இன்னிக்கு ஒரு மணி நேரம் பேசினாங்க, நான் நடுவுல போகல. கன்சல்டன்ட்டுக்கு அடுத்த தவணை கட்டல.

ஒரே ஒரு சந்தேகம், கோச்சுக்கு மெயில் இப்பவே போடலாமா, 11வது வரைக்கும் காத்திருக்கணுமா?

ஓட்டக்காரன்_பாஸ்டன்

மெயில் எப்ப வேணா போடலாம். டி1 கோச்சுங்க உங்களுக்கு திருப்பி பேசறதுக்கு தான் கட்டுப்பாடு, நீச்சல்ல 10வது முடிஞ்ச ஜூன் 15க்கு அப்புறம் தான். டி3ல அந்தக் காத்திருப்பு இல்ல. சீசன் முடிஞ்சு புது டைம் வந்ததும் போடச் சொல்லுங்க, பழைய டைம வச்சுப் போட்டா ரெண்டாவது மெயில் போட வேண்டி வரும். மெயில் ஐடி அவளோடதா இருக்கணும், உங்களோடது வேண்டாம்.

சும்மா_ரிச்மண்ட்

எல்லாம் சரி, என் பையன் பேட்மிண்டன் ஆடறான், கிரிக்கெட்டும் ஆடுவான். இதுல எதுக்கு ரெக்ரூட் பண்ணுவாங்க?

முருகு_ஃப்ரீமாண்ட்

ரெண்டுக்கும் பண்ண மாட்டாங்க. என்சிஏஏல ரெண்டுமே இல்ல, டேபிள் டென்னிஸும் இல்ல. கலிஃபோர்னியால பேட்மிண்டன் ஹைஸ்கூல் ஸ்போர்ட் தான், இங்க எங்க ஸ்கூல் டீம்ல பாதி நம்ம பசங்க, ஆனா காலேஜ்ல கிளப்போட சரி. பிடிச்சிருந்தா ஆடட்டும், ஆக்டிவிட்டில போட்டுக்கலாம். வர்ஜீனியா பக்கம் ஸ்கூல் டீம் இருக்கான்னு தனி இழை போட்டு கேளுங்க, அங்க இருக்கறவங்க சொல்வாங்க.